ஆழம் சொல்லும் நாய்

ரங்கூன், கெமண்டைன்
ஜூன் 11, 1978

அன்புள்ள அக்காவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. உங்கள் மூட்டுக்கு மழை ஆகாது என்பதால் அதை முதலில் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். கடிதத்தில் அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதியிருக்கிறேன்.

என்னோடு வீட்டைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கோ லூன் பே ஒரு நாய் வளர்க்கத் தொடங்கியிருக்கிறார். அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ரயில் பட்டறையில் கொதிகலன் தட்டி, ஒரு காதைப் பட்டறைக்கே கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். மீதமிருக்கும் காதைத் தலையணையில் அழுத்தி வைத்துத் தூங்குவார். ஆகையால் வீட்டில் நாய் இருப்பது அவருக்குப் பகலில் மட்டும்தான் தெரியும்.

நாயின் நிறம் பழைய சாக்கு. பெயர் ஷ்வே வா. தங்கத்துக்கு வைக்க வேண்டிய பெயர். எங்கள் தெருக் காவலர் மணிக்கு ஒருதரம் தண்டவாளத் துண்டில் அடித்து நேரம் சொல்வார். அவர் அடித்து ஓய்ந்ததும் இது தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. அவர் கணக்கு சரிதானா என்று திரும்ப எண்ணிப் பார்ப்பதுபோல் இருக்கிறது. விடிகாலையில் மடத்து மணிக்குத் தனிப் பாட்டு.

கோ லூன் பேயிடம் சொன்னேன்.

"ஊளையா? நம்ம ஷ்வே வாவா? நானும் ராத்திரி பூரா இங்கதான படுத்திருக்கேன், ஒரு சத்தம் இல்லியே. கனவு கண்டிருப்பீங்க தம்பி."

"கனவு காணணும்னா முதல்ல தூங்கணும்ல அண்ணே?" என்றேன். அது அவருடைய பட்டறைக் காதில் விழுந்தது.

வருகிற வருஷத்துப் பஞ்சாங்கத்துக்கு அச்சாபீஸில் நான்தான் பிழை திருத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தூக்கக் கலக்கத்தில் ஒரு பௌர்ணமி நழுவினால் பாதி நாடு தவறான நாளில் நோன்பிருக்கும். அதுதான் கவலை.

உடலுக்குச் சுகமும் உள்ளத்துக்கு அமைதியும் உங்களுக்குக் கிடைக்கட்டும்.

தம்பி,
மியா தின்

*

புரோம்
ஜூன் 29

தம்பி மியா தின்னுக்கு,

புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகள் உன்னைக் காக்கட்டும். முழங்கால் அதன் இடத்தில் இருக்கிறது.

ஒரு நாய் ஊளையிட்டதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உன் அத்தான் இருபத்திரண்டு வருஷம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஆற்றின் ஆழம் சொன்னார். நான் யாருக்காவது கடிதம் எழுதினேனா? நீராவிக் கப்பலின் முகப்பில் நின்று, மூங்கில் கழியை ஆற்றில் விட்டு ஆழம் கூவுவது அவர் வேலை. கப்பலை விட்டு இறங்கிய பிறகும் அவருக்குக் கப்பல் நிற்கவில்லை. நடுராத்திரியில், "ரெண்டு முழந்தான்! மணல் தட்டுது! இடப்பக்கம் ஒடி!" என்பார். நான் எழுந்து இடப்பக்கம் நகர்ந்து படுத்துக்கொள்வேன்.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. நான் நன்றாகத் தூங்குகிறேன். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் பெரிதாகக் கேட்டது, நிறுத்திவிட்டேன். அதன்பின் பல்லியின் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மற்றபடி நன்றாகத் தூங்குகிறேன்.

காதில் பஞ்சு வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ஒன் செய்ன்

*

ரங்கூன்
ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நன்றாகத் தூங்குவது அறிந்து மகிழ்ச்சி. குடும்பத்தில் ஒருவராவது தூங்குகிறோம்.

பஞ்சு வைத்தேன். தண்டவாளச் சத்தம் நின்றது, ஊளை நிற்கவில்லை. நாயை அடுப்படியில் போட்டுப் பூட்டினேன். அரிசிப் பானையின் மூடியைக் கண்டுபிடித்து, அதையும் வாத்தியமாகச் சேர்த்துக்கொண்டது. கடைசியில், வெளியே கட்டலாமா என்று கோ லூன் பேயைக் கேட்டேன்.

"கொட்டுற மழையில ஒரு உசுரை வெளிய கட்டச் சொல்றீங்களே. போன பிறவியில அது யாரா இருந்துச்சோ! அடுத்த பிறவியில உங்கள எங்க கட்டுவாங்களோ!" என்றார்.

அச்சாபீஸில் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. நான் பார்த்துக் கையெழுத்திட்ட படிவத்தில் ஒரே மாதத்துக்கு இரண்டு பௌர்ணமி. முதலாளி ஊ பா சி கூப்பிட்டார். "என்னப்பா, ஆகாசத்துக்கு உபரியா ஒரு நிலா வாங்கிப் போட்டிருக்கியா?" என்றார். இன்னொரு பிழை வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

கோ லூன் பே போன பிறவி பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடுகிறது. எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நாயின் இடது முன்னங்காலில் கரி தீற்றியதுபோல ஒரு கறுப்பு அடையாளம் இருக்கிறது. அத்தானைக் குளிப்பாட்டியபோது, மறுபிறவியில் அடையாளம் தெரியட்டும் என்று உடம்பில் கரி வைத்தீர்கள் அல்லவா? நான் ரயிலில் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கே வைத்தீர்கள் என்று பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கூர்ந்து கேட்டால் இந்த ஊளையும் ஆழம் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. நான் எதையும் முடிவு செய்யவில்லை. சேதியாக மட்டும் எழுதுகிறேன்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

மியா தின்

*

புரோம்
ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

கடிதம் வந்து நாளாகிவிட்டது. வீட்டில் வேலை இருந்தது.

உன் அத்தான் மடத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர். நோன்பு நாளில் உச்சிவேளை தாண்டினால் ஒரு பருக்கை தொடமாட்டார். தூங்கும்போது சத்தம் போட்டது தவிர அவர் யாருக்கும் தீங்கு செய்ததில்லை. அவரை நாலு காலில் நடக்க வைத்திருக்கிறாய். நீ படித்தவன், யோசித்து எழுத வேண்டும்.

கரி வைத்தது காலிலும் இல்லை, கையிலும் இல்லை. வலது தோளில். கழி தூக்கும் தோள் அது. வைத்தவள் நான்.

நாயின் தோள் எப்படி இருக்கிறது? மறு தபாலில் எழுது.

ஒன் செய்ன்

*

ரங்கூன்
ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிப்புகளை அடுத்த கடிதத்தில் சேர்த்துக் கேட்கிறேன். ஒரு பிழையை உடனே திருத்த வேண்டியிருக்கிறது. பிழை திருத்துவது என் தொழில் அல்லவா?

சென்ற கடிதத்தில் இடது என்று எழுதியது எனக்கு இடது. நாய் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதன் கணக்கில் அது வலது. முன்னங்கால் என்று எழுதியதும் அவசரத்தில் நேர்ந்தது. நாய்க்குத் தோள் முடிவதும் கால் தொடங்குவதும் எந்த இடத்தில் என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. நேற்று நல்ல வெளிச்சத்தில் மறுபடி பார்த்தேன். வலது தோளேதான். கழி தூக்குகிறவர்களுக்கு எங்கே காய்த்துப்போகுமோ, சரியாக அங்கே.

நாயாகப் பிறந்ததை நீங்கள் இழிவாக நினைக்க வேண்டாம். இது இடையில் ஒரு தங்கல் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. எது எப்படியானாலும் அவர் இருக்க வேண்டிய இடம் அவருடைய வீடு. ரங்கூனில் யாரோ ஒருவர் வீட்டில் மிச்சச் சோறு தின்றுகொண்டிருப்பது நம் குடும்பத்துக்கு அழகில்லை. நீங்கள் எப்போது வந்தாலும் ரயில் நிலையத்துக்கு நானே கூட்டிவருகிறேன்.

மியா தின்

*

புரோம்
செப்டம்பர் 20

தம்பிக்கு,

மும்மணிகளின் காவல் உனக்கும், உன்னோடு இருப்பவருக்கும்.

மடத்துப் பெரியவரிடம் போய்க் கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இதைக் கேட்க இந்த முழங்காலோடு அத்தனை படி ஏறியிருக்க வேண்டாம்.

நீ எழுதியதுபோல அவரை இங்கே கொண்டுவருவதுதான் முறை. ஆனால் நான் இப்போதுதான் அமைதியான வீட்டில் தூங்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் ஆற்றின் நடுவே போய்ப் படுக்கத் தெம்பில்லை. அவர் உன்னிடமே இருக்கட்டும். உனக்கும் அத்தான்தானே. சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கப்பல் காட்டியவர்.

கருவாடு அனுப்பியிருக்கிறேன். அவருக்கு. உனக்கு அடுத்த முறை. கோ லூன் பேக்கும் விவரம் எழுதியிருக்கிறேன், அவர் இதுவரை பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல வேண்டும் அல்லவா?

ஒன் செய்ன்

*

ரங்கூன்
செப்டம்பர் 30

மரியாதைக்குரிய சகோதரிக்கு, லூன் பே எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் இன்னார் என்று தெரியாமல் பல தடவை வாலை மிதித்திருக்கிறேன். ஒருமுறை செருப்பால் மிரட்டியும் இருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் குடும்பத்துப் பெரியவரை என் நாய் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. அன்றைக்கே அவருடைய பாயையும் தட்டையும் உங்கள் தம்பியின் அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தம்பி வேண்டாம் வேண்டாம் என்று மிகவும் கூச்சப்பட்டார். "உங்க வீட்டுப் பெரியவரை அடுத்தவன் அறையில படுக்கவைக்கிறது நல்லாவா இருக்கு?" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

ஒரு சந்தேகம். நேற்று முன்தினம் அவரைக் குளிப்பாட்டினேன். வலது தோளில் இருந்த அடையாளம் துண்டோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தால், நான் பென்ஷன் வாங்கப் போகிற அன்று பூட்ஸுக்குப் போடும் கறுப்பு பாலிஷ் வாசம். பயந்துபோய் உங்கள் தம்பியிடம் கேட்டேன். "பழைய வினை கரையுது அண்ணே, நல்ல அறிகுறிதான்" என்றார். படித்தவர் பக்கத்தில் இருப்பது எத்தனை தைரியம்! இன்று காலையில் பார்த்தால் அடையாளம் திரும்ப வந்திருக்கிறது, இடது தோளில். வினை நகர்ந்திருக்கிறது போலும்.

நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

லூன் பே

*

புரோம்
அக்டோபர் 10

தம்பிக்கு,

மழை விட்டது. முழங்கால் தேவலை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை கோ லூன் பேயின் கடிதத்தில் தெரிந்துகொண்டேன். அருமையான மனிதர். எதையும் விடாமல் எழுதுகிறார்.

உன் அத்தானை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லாதது என் தவறு. அவர் தரையில் படுத்துப் பழகாதவர். கட்டிலை அவருக்குக் கொடு. சாப்பாட்டில் அவருக்கு முதலில் வைத்துவிட்டு நீ உட்கார். சாயங்காலம் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டு. விளம்பரங்களையும்தான், அதைத்தான் விரும்பிக் கேட்பார்.

முக்கியமானது ஒன்று. கப்பலில் ஆழம் கூவினால் மேலே சுக்கான் பிடிப்பவர், "தெரிஞ்சுது!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வரும்வரை கூவுகிறவர் நிறுத்தக்கூடாது, அதுதான் சட்டம். ஆகையால் அவர் ஒவ்வொரு முறை குரல் கொடுக்கும்போதும் நீ எழுந்து உட்கார்ந்து பதில் சொல். முணுமுணுக்காதே. சுக்கான் மேல்தட்டில் இருக்கிறது.

நோன்பு நாளில் அவருக்கு உச்சிவேளைக்கு மேல் சோறு கிடையாது. துணைக்கு நீயும் இரு.

ஒன் செய்ன்

*

ரங்கூன்
நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு உடம்பு எப்படி? எனக்கு ஒன்று இருந்ததாக நினைவு.

சொன்னபடி எல்லாம் நடக்கிறது. கட்டிலில் அவர், தரையில் நான். பத்திரிகையில் பல்பொடி விளம்பரம் வரும்போது உண்மையிலேயே காதைத் தூக்குகிறார். ராத்திரி பதிலும் சொல்கிறேன். தெருக் காவலர் சன்னலடியில் வந்து நின்று, "என்ன சார் இது? நான் மணி அடிக்கிறேன், அது ஊளை விடுது, நீங்க தெரிஞ்சுதுங்கிறீங்க. இந்த வீட்ல யாரு யாரை வளக்கிறாங்க?" என்று கேட்டார். கோ லூன் பேயை எழுப்பிக் கேளுங்கள் என்றேன். அவரை எழுப்ப முடிந்தால் எனக்கு இந்தக் கஷ்டம் ஏன்?

நேற்று அச்சாபீஸில் மை காயாத படிவத்தின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டேன். ஊ பா சி என்னை எழுப்பவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, என் கன்னத்தில் பதிந்திருந்த மாதத்தைக் கண்ணாடி வைத்து வாசித்துக் காட்டினார். "அமாவாசை விட்டுப்போயிருக்கு பாருங்க. மூஞ்சியிலயே பிழை" என்றார். பஞ்சாங்கம் இம்மாதக் கடைசியில் அச்சேறுகிறது. அதற்குள் நான் சரியாக வேண்டும். இல்லாவிட்டால் என் மேசையில் உட்கார அவருடைய மைத்துனர் மகன் தயாராக இருக்கிறான்.

அக்கா, சில நாட்களாக எனக்கு ஒரு சந்தேகம். இவர் அத்தானாக இல்லாமலும் இருக்கலாமோ?

மியா தின்

*

புரோம்
நவம்பர் 9

தம்பிக்கு,

அவர் உன் அத்தான் இல்லை. பூட்ஸ் பாலிஷ். கோ லூன் பேயின் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரியும். இந்த ஒரு மாதம் உனக்கு நான் போட்ட அபராதம். கட்டிக்கொண்டவள் உயிரோடு இருக்கும்போது அவள் புருஷனை வைத்துப் பொய் சொல்லக்கூடாது.

ஆனால் அபராதத்தில் எனக்கும் பங்கு உண்டு. நன்றாகத் தூங்குகிறேன் என்று இத்தனை மாதமாக எழுதினேனே, அது நீ வைத்த அடையாளம் மாதிரிதான். துடைத்தால் போய்விடும்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நாயைக் குளிப்பாட்டிக் கொண்டுவா. அதன் சொந்த நிறத்தில் இருக்கட்டும். கோ லூன் பேயிடம் உண்மையைச் சொல்லிவிட்டு, தருவாரா என்று கேள். நான் கேட்பது நாயை, புருஷனை அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடு. தரமாட்டேன் என்றால் உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஒன் செய்ன்

*

ரங்கூன்
டிசம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை.

பஞ்சாங்கம் வெளிவந்துவிட்டது. மாதத்துக்கு ஒரு பௌர்ணமிதான். ஊ பா சி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "தூங்கினா நல்லாத்தான் வேலை பாக்கிற" என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டு வந்ததாக யாரும் சொன்னதில்லை.

கோ லூன் பே அன்று ரயில் நிலையத்தில் உங்களிடம் சிரித்துக்கொண்டுதான் கயிற்றைக் கொடுத்தார், ஆனால் வண்டி மறைந்த பிறகும் நகரவில்லை. "பாலிஷ்னு நீங்க சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும் தம்பி. என் டப்பாவுல குறைஞ்சிருந்துச்சு. பெரிய மனுஷி ஆசைப்பட்டுக் கேக்கிறாங்க, குடுக்காம இருக்க முடியுமா?" என்றார். இத்தனை நாளும் இந்த வீட்டில் ஏமாந்துகொண்டிருந்தது யார் என்று எனக்கு இப்போது தெளிவாகத் தெரியவில்லை.

உங்கள் கடிதம் ஏன் வரவில்லை? ஷ்வே வா அங்கேயும் ஊளையிடுகிறானா? ஒரு வழி சொல்கிறேன். போன மாதம் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவரும் அம்மா ஒருதரம் அதட்டினார், அன்று முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை. பெண் குரலுக்கு அடங்குகிறான். நீங்களும் ஒருதடவை உரக்க அதட்டிப் பாருங்கள்.

மியா தின்

*

புரோம்
ஜனவரி 14, 1979

தம்பிக்கு,

சுகம். முழங்கால் குளிருக்குக் கொஞ்சம் பேசுகிறது.

இங்கே தண்டவாளம் அடிக்க ஆள் இல்லை. ராத்திரியில் ஆற்றில் கப்பல் ஊதுகிறது, அதற்குப் பதில் கொடுக்கிறான். படித்துறையில் கப்பலைக் கட்டி நிறுத்தும்வரை விடுவதில்லை. நான் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன், எப்போது தூங்கினேன் என்று தெரியாமல் விடிந்துவிடுகிறது. கடிதம் எழுதாததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. காலையில் எழுவதற்கே நேரமாகிவிடுகிறது.

அதட்டச் சொல்லி எழுதியிருந்தாய். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உன் அத்தான் கடைசி ராத்திரியும் ஆழம் சொன்னார். எனக்கு அன்று தலைவலி. "கரையிலதான் இருக்கோம். வாயை மூடிட்டுத் தூங்குங்க" என்றேன். சொன்னபடி கேட்டார். கல்யாணமான நாள் முதல் நான் சொன்னதை அவர் உடனே கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கும் நல்ல தூக்கம். காலையில் தேநீர் போட்டுவிட்டுத்தான் எழுப்பப் போனேன்.

நேற்று பக்கத்து வீட்டு மா ஸின் யூ வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, ராத்திரி கண்ணை மூட முடியல. எம் புருஷன் வீடு மாத்தலாம்கிறாரு. நீங்க ஒரு அதட்டு அதட்டினா அடங்கிரும்னு உங்க தம்பி எழுதினதாச் சொன்னீங்களே. அதட்டக் கூடாதா?"

"ஒருத்தரை அதட்டியிருக்கேன்மா. அது போதும்" என்றேன்.

உன் அக்கா,
ஒன் செய்ன்